பி.ஓ.ஆர். நொதியம் பழுது என்றால் விற்றமின் பி2 கொடுத்துச் சரிசெய்யலாமா?

உங்கள் கேள்வி நீளமாக இருந்தது. பிறகு வாசிப்பவர்களுக்கும் விளங்கட்டும் என்று அதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஏழு மாதப் பெண்பிள்ளை. வயிற்றில் இருந்தபோது ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு தாய்க்கு முகமெல்லாம் பரு, மேலுதட்டில் முடி, குரலும் கட்டையாகிவிட்டது. பிள்ளை பிறந்தபோது பிறப்புறுப்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று உடனே சொல்ல முடியவில்லை. ஒரு முழங்கை முழுதாக நீளவில்லை. 17-ஓஎச்பி என்ற இரத்தப் பரிசோதனை கொஞ்சம் கூடுதலாக வந்தது. இரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பி எடுத்த பரம்பரையலகு ரிப்போர்ட்டில், பி.ஓ.ஆர். என்ற நொதியத்தின் இரண்டு பிரதியிலும் மாற்றம் என்று எழுதியிருக்கிறது. அந்த நொதியம் வேலைசெய்ய விற்றமின் பி2 இலிருந்து வரும் பொருட்கள் தேவை என்று எங்கோ வாசித்துவிட்டு, பி2 குளிசை கொடுத்தால் சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் போகிற போக்கில் இன்னும் இரண்டு சொல்லியிருக்கிறீர்கள்: மனைவி உங்கள் சொந்த மாமா மகள், கர்ப்பம் என்று தெரிவதற்கு முன் பங்கசு நோய்க்காக ஒரு ஃபுளுகொனசோல் குளிசை போட்டிருந்தார். எனக்கென்னவோ அந்தக் கடைசி வரிதான் கேள்வி என்று படுகிறது. இது எங்களால் வந்ததா, இனித் திருப்ப முடியுமா என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள்.

நான் வைத்தியர் இல்லை. கொழும்பில் உயிரிரசாயன ஆய்வுகூடங்களில் முப்பது வருடத்துக்கு மேல் நின்று வேலைசெய்து ஓய்வுபெற்றவள். முதல் பத்து வருடம் எலி ஈரலில் இருந்து இந்த நொதியத்தையே பிரித்தெடுத்து அளந்துகொண்டிருந்தேன். பிறகு ஆஸ்பத்திரி மாதிரிகளில் ஸ்டீரொயிட் ஓமோன்கள் பார்த்தேன். ஆகவே குழாய்க்குள் இந்த நொதியம் என்ன செய்யும் என்பதை நம்பிக்கையாகச் சொல்வேன். தொட்டிலில் கிடக்கும் உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு மருந்து, எப்போது என்பதை, அவளைத் தொட்டுப் பார்க்கிற குழந்தை ஓமோன் நிபுணரிடம்தான் கேட்க வேண்டும்.

முதலில் அந்த நொதியம் யார் என்று பார்ப்போம். எங்கள் உடலில் பி450 என்ற குடும்பத்தைச் சேர்ந்த நொதியங்கள் 57 இருக்கின்றன. கொலஸ்திரோலைச் செதுக்கி நோயையும் நெருக்கடியையும் தாங்கவைக்கிற கோட்டிசோல், ஆண் ஓமோன் டெஸ்டொஸ்டிரோன், பெண் ஓமோன் ஈஸ்திரஜன் என்று ஆக்குவதில் பெரும்பகுதி இவற்றின் வேலை. ஈரலில் மருந்துகளை உடைப்பதும் இவைதான். ஒரு பி450 ஒருமுறை வேலைசெய்ய ஒட்சிசன் ஒரு மூலக்கூறும் இலத்திரன் இரண்டும் வேண்டும். ஒட்சிசன் தானாக வந்து சேர்ந்துவிடும், இலத்திரன் அப்படி வராது, ஒருவர் கொண்டுவந்து கையில் கொடுக்க வேண்டும். கலத்துக்குள் அகமுதலுருச் சிறுவலை என்ற சவ்வுப் பின்னலில் உட்கார்ந்திருக்கும் 50 பி450களுக்கும் அப்படிக் கொடுக்கிற ஒரே ஆள் பி.ஓ.ஆர். அதற்குப் பதில் ஆள் கிடையாது. மிச்ச ஏழும் இழைமணிக்குள் இருக்கின்றன, அவற்றுக்கு வேறு ஏற்பாடு. அட்ரினொடொக்சின் ரிடக்டேஸ் என்ற நொதியமும், இரும்பும் கந்தகமும் கொண்ட அட்ரினொடொக்சின் என்ற சின்னப் புரதமும் அங்கே இந்த வேலையைச் செய்கின்றன. உங்கள் பிள்ளையில் அந்த இரண்டாவது ஏற்பாடு பழுதாகவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பி450 என்ற பெயர் எப்படி வந்தது என்பதைச் சொன்னால் பி.ஓ.ஆரின் வேலை தானாக விளங்கும். 1962இல் ஒசாகாவில் ஒமுரா, சாட்டோ என்ற இருவர் வைத்த பெயர் அது; 1964இல் விரிவாக எழுதினார்கள். நாங்கள் அந்தச் சோதனையை வாராவாரம் செய்வோம். எலி ஈரலை அரைத்து, அதிவேகச் சுழற்சியில் ஒரு மணித்தியாலம் சுற்றினால் குழாயின் அடியில் கொய்யா ஜெலி மாதிரி இளஞ்சிவப்பாய், கண்ணாடி போல ஒன்று படியும். அதைக் கரைத்து இரண்டு சின்னக் கண்ணாடிப் பெட்டிகளில் எடுத்து, ஒன்றுக்குள் மட்டும் காபனோரொட்சைட்டு வாயுவை மெதுவாகக் குமிழிவிட வேண்டும். சிலிண்டர் கிடைக்காத காலத்தில், புகை அலுமாரிக்குள் செறிந்த சல்பூரிக்கமிலத்தில் ஃபோமிக்கமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு நாங்களே அந்த வாயுவைத் தயாரித்தோம், பக்கத்தில் யாரும் வரக்கூடாது என்று கதவில் தாள் ஒட்டிவிட்டு. கடைசியாக இரண்டு பெட்டியிலும் ஒரு சிட்டிகை டைதயோனைட்டுத் தூள் போடுவோம். போட்டவுடன் வரைபட ஊசி 450 நனோமீற்றரில் ஒரு மலை வரையும். மாதிரி பழுதென்றால் மலை 420க்கு நகர்ந்துவிடும், அன்றைய உழைப்பு போச்சு. அந்தத் தூள் போடாவிட்டால் மலையே எழும்பாது, ஏனென்றால் இலத்திரனைக் கொடுப்பது அதுதான். குழாயில் டைதயோனைட்டு முரட்டுத்தனமாகச் செய்கிற அந்த வேலையை, உடலில் பி.ஓ.ஆர். எண்ணி எண்ணி, ஒவ்வொன்றாகச் செய்கிறது.

எண்ணிக் கொடுப்பது எப்படி என்றால், இந்த நொதியத்துக்குள் பி2 இலிருந்து செய்யப்பட்ட இரண்டு பொருட்கள் தங்கியிருக்கின்றன. ஒன்று எஃப்ஏடி, மற்றது எஃப்எம்என். கலத்தின் எரிபொருள்களில் ஒன்றான என்ஏடிபிஎச் இரண்டு இலத்திரன்களையும் சேர்த்து எஃப்ஏடியிடம் தரும். எஃப்ஏடி அதை எஃப்எம்என்னுக்கு ஒன்றொன்றாக மாற்றும். எஃப்எம்என் பி450க்கு ஒன்றொன்றாகக் கொடுக்கும். மொத்தப் புரதமும் ஒரு கீல் வைத்த பெட்டி மாதிரி. மூடியிருக்கும்போது எஃப்ஏடியும் எஃப்எம்என்னும் ஒன்றையொன்று தொடுகிற தூரத்தில். திறக்கும்போது எஃப்எம்என் பக்கம் வெளியே திரும்பி பி450ஐச் சந்திக்கும். எலியின் பி.ஓ.ஆருடைய முப்பரிமாண வடிவம் 1997இல் வெளிவந்தபோது, மூடிய நிலைதான் தெரிந்தது. இந்த நிலையில் பி450 எப்படிக் கிட்ட வரும் என்று ஆய்வுகூடத்தில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றோம். கீல் திறக்கும் என்பது பின்னால் வந்த வடிவங்களில்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

இனி உங்கள் பி2 கேள்வி. அதை ஒருபோதும் விசர்க் கேள்வி என்று சொல்லமாட்டேன், ஏனென்றால் நான் அதையே கண்ணால் பார்த்திருக்கிறேன். பி.ஓ.ஆரை அளக்க ஒரு சுகமான வழி, சைட்டோகுரோம் சி என்ற புரதத்தைக் கொடுத்துப் பார்ப்பது. இலத்திரன் ஏற ஏற அதன் துருச் சிவப்பு ரோஜா நிறமாக மாறும், 550 நனோமீற்றரில் ஊசி ஏறும். ஒருமுறை, தூய்மையாக்கி வைத்திருந்த நொதியம் சில வாரம் கழித்து எடுத்தபோது பாதி வேகத்தில்தான் ஓடியது. என் மேற்பார்வையாளர் அதை எறியவிடவில்லை. மஞ்சள் நிற எஃப்எம்என் கரைசலில் சில துளி விடச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் ஊசி பழைய சாய்வுக்கு வந்துவிட்டது. நொதியம் செத்திருக்கவில்லை, எஃப்எம்என் கழன்று போயிருந்தது, அவ்வளவுதான். இந்த இரண்டு பொருட்களும் புரதத்தோடு இரசாயனப் பிணைப்பால் ஒட்டப்பட்டவை இல்லை, பள்ளத்துக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருப்பவை. ஆகவே கழரும், திரும்ப ஏறும்.

அப்படியானால் குளிசை கொடுத்தால் என்ன? இங்கேதான் இரண்டு விஷயத்தைப் பிரிக்க வேண்டும். உங்கள் பிள்ளைக்கு எஃப்எம்என், எஃப்ஏடி தட்டுப்பாடு இல்லை. தாய்ப்பாலிலும் பாலிலும் முட்டையிலும் வரும் பி2 ஒரு சாதாரணப் பிள்ளைக்குப் போதும், அதை எஃப்எம்என்னாகவும் எஃப்ஏடியாகவும் மாற்றுகிற நொதியங்கள் அவளில் பழுதாகவும் இல்லை. பழுது இருப்பது அவை உட்காருகிற இருக்கையில், வந்து உட்காருகிற ஆளில் இல்லை. மேலதிகமாகக் கொடுப்பதன் பெரும்பகுதி வீண்: வளர்ந்த ஒருவரின் குடல்கூட ஒரே தடவையில் சுமார் 27 மில்லிகிராமுக்கு மேல் உறிஞ்சாது, அதிலும் மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். பி கொம்ப்ளெக்ஸ் போட்ட அன்று சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போவது அதனால்தான்.

ஆனால் இருக்கை எந்த விதத்தில் பழுது என்பதைப் பொறுத்து ஒரு விதிவிலக்கு இருக்கலாம். பி.ஓ.ஆர். 680 அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. 459ஆம் இடத்தில் தைரோசினுக்குப் பதில் ஹிஸ்டிடின் வந்தாலும், 492ஆம் இடத்தில் வாலினுக்குப் பதில் குளுட்டமிக் அமிலம் வந்தாலும் எஃப்ஏடியின் பள்ளம் தளர்ந்துவிடுகிறது. இந்த இரண்டையும் குழாயில் செய்து, எஃப்ஏடியை அதிகமாக ஊற்றிப் பார்த்தபோது வேலை பெருமளவு திரும்பி வந்தது. 2006இல் வெளியான வேலை அது. 181ஆம் இடத்து மாற்றம் ஒன்று எஃப்எம்என் பள்ளத்தைக் கெடுக்கிறது, அதிலும் வெளியில் இருந்து எஃப்எம்என் கொடுத்தபோது குழாயில் முன்னேற்றம் தெரிந்தது. இவ்வளவும் உறுதி. இதையே வாயால் கொடுத்த பி2 ஒரு பிள்ளையின் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அதிரினல் சுரப்பிக்குள் செய்துகாட்டும் என்பது உறுதியில்லை, அது யோசனை அளவில் நிற்கிறது. குழாய்க்குள் நாங்கள் ஊற்றுகிற செறிவை ஒரு கலத்துக்குள் கொண்டுவருவது வேறு கதை. மறுபக்கம், சங்கிலி நடுவில் அறுந்து நிற்கிற மாற்றங்களுக்கு எதை ஊற்றினாலும் பயன் இல்லை. உட்கார இருக்கையே கட்டப்படவில்லை.

ஆகவே ரிப்போர்ட்டை எடுத்து, புரதத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சின்ன எழுத்து 'p'யும் ஒரு புள்ளியும் போட்ட வரியைப் பாருங்கள். மூன்று எழுத்துச் சுருக்கம், ஒரு எண், திரும்ப மூன்று எழுத்துச் சுருக்கம் இருக்கும். அந்த எண்தான் விஷயம். 'பி.ஓ.ஆர். குறைபாடு' என்று நோயின் பெயரைச் சொன்னால் பாதிக் கதைதான் சொன்னதாகும். அந்த வரியைக் கிளினிக்கில் காட்டி, இது எஃப்ஏடி அல்லது எஃப்எம்என் பள்ளத்தில் விழுகிறதா என்று கேளுங்கள். விழுகிறது என்றால் பி2 பற்றி நிபுணரோடு கதைப்பதில் பிழையில்லை. நஞ்சாகிற பொருள் இல்லை அது. ஆனால் அவர் எழுதித் தந்த ஹைட்ரோகோட்டிசோன் என்ற ஸ்டீரொயிட் மருந்துக்குப் பதிலாக என்று ஒரு நாள்கூட நினைக்க வேண்டாம்.

எண் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு 2022ஐ நினைத்துப் பாருங்கள். அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். அது முழு இருட்டு. எலிகளில் பி.ஓ.ஆரை முழுதாக எடுத்துவிட்டுப் பார்த்தது அப்படி, கருவிலேயே இறந்துவிட்டன. 2002, 2003இல் வந்த முடிவுகள் அவை. மனிதரில் இந்தப் பழுதோடு ஒரு பிள்ளை பிறக்கவே முடியாது என்று பலர் நினைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் பிள்ளையில் இருப்பது இருட்டு இல்லை, லோ வோல்டேஜ். வெள்ளவத்தைப் பழைய வீடுகளில் பின்னேரம் ஆறு மணிக்கு வோல்டேஜ் விழும்போது என்ன நடக்கும்? பல்பு மங்கலாக எரியும், மின்விசிறி நோஞ்சானாகச் சுற்றும், பிரிஜ் மட்டும் உறுமிவிட்டு நின்றுவிடும். எல்லாக் கருவிக்கும் ஒரே கம்பி, ஆனால் தாங்குகிற சக்தி வேறு வேறு. பி450களும் அப்படித்தான். ஐரோப்பியரில் அதிகம் காணப்படும் 287ஆம் இடத்து மாற்றத்தில் ஈஸ்திரஜன் செய்கிற அரோமற்றேஸ் கிட்டத்தட்ட நன்றாகவே ஓடும்; டெஸ்டொஸ்டிரோனுக்கு வழிவிடுகிற நொதியம்தான் தடுமாறும். ஜப்பானியரில் அதிகமான 457ஆம் இடத்து மாற்றத்தில் அரோமற்றேஸும் படுத்துவிடும்.

இப்போது உங்கள் வீட்டில் நடந்த ஒவ்வொன்றையும் இதற்குள் பொருத்திப் பார்க்கலாம். ஓமோன் வழியில் பி.ஓ.ஆரை நம்பியிருப்பவை முக்கியமாக மூன்று: 17ஆம் காபனில் வேலைசெய்வது, 21ஆம் காபனில் வேலைசெய்வது, அரோமற்றேஸ். கொலஸ்திரோலை முதல் வெட்டு வெட்டுவதும் கோட்டிசோலின் கடைசிப் படியும் இழைமணிக்குள் நடப்பவை, அவற்றுக்குத் தனி ஜெனரேற்றர் இருக்கிறது என்று முன்பு சொன்னேனே. ஆகவே தொடக்கமும் முடிவும் சரி, நடுவில்தான் நெரிசல். 17-ஓஎச்பி என்பது அந்த நடு அறையில் நிற்கிற பொருள். வழமையான பிறவி அதிரினல் நோயில் அது பயங்கரமாக ஏறும், ஏனென்றால் வெளியே போகிற கதவு மட்டும் மூடியிருக்கும். இங்கே உள்ளே வருகிற கதவும் பாதி மூடி, வெளியே போகிற கதவும் பாதி மூடி. அறையில் கூட்டம் கொஞ்சம்தான் கூடும். 'கொஞ்சம் கூட, பிறகு திரும்பப் பார்ப்போம்' என்று விடப்படுவது இதனால்தான். நானே அப்படி விட்ட மாதிரிகள் இருந்திருக்கும், அந்த எண்ணம் எனக்கு இன்னும் உறுத்தும். சிறுநீரில் எல்லா ஸ்டீரொயிட்டையும் ஒரே ஓட்டத்தில் பார்க்கிற பரிசோதனை இந்த இரட்டை நெரிசலைக் காட்டிக்கொடுக்கும். 1985இல் இப்படி இரண்டு இடத்திலும் தடைபட்ட ஒருவரைப் பற்றி அமெரிக்காவில் எழுதினார்கள். பரம்பரையலகில் காரணத்தைக் காட்டியது 2004இல் ஃபுளூக், மில்லர் குழுவினர். இடையில் 19 வருடம்.

உங்கள் மனைவியின் பருவும் முடியும் குரலும்: அவருடைய உடலில் எந்தப் பழுதும் இல்லை. சூல்வித்தகம் தாயின் வயிற்றில் இருந்தாலும் அது பிள்ளையின் கலங்களால் ஆனது, பிள்ளையின் பரம்பரையலகுதான் அதற்கும். பிள்ளையின் அதிரினலில் இருந்து வரும் ஆண் ஓமோன் மூலப்பொருளைச் சூல்வித்தகத்தின் அரோமற்றேஸ் ஈஸ்திரஜனாக மாற்ற வேண்டும். அது மந்தமாக ஓடியதால் மாறாமல் மிஞ்சியது தாயின் இரத்தத்துக்குள் வழிந்தது. பிரசவத்தோடு அந்த ஊற்று நின்றுவிடும். பரு போகும், முடியும் மெல்ல மெல்லக் குறையும். குரல் மட்டும் முழுதாகத் திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாது, குரல்வளை ஒருமுறை தடித்தால் அப்படியே நிற்பதுண்டு. இதை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பழி அவர் உடலில் இல்லை என்பதையும் சேர்த்து.

பிள்ளையின் பிறப்புறுப்பு மாற்றத்தில் ஒரு பகுதி இன்னும் விவாதத்தில் இருக்கிறது. இந்நோயில் பிறந்த பிறகு ஆண் ஓமோன் குறைவாகவே இருக்கும். குறைவாக இருக்கிறவளுக்கு வயிற்றுக்குள் எப்படி ஆண் சாயல் வந்தது? சூல்வித்தகம் மாற்றாமல் விட்டது ஒரு காரணம். இன்னொன்று, 17-ஓஎச்பியில் இருந்து வழமையான பாதையைச் சுற்றிக்கொண்டு பின்கதவால் வலிமையான ஆண் ஓமோனுக்குப் போகிற ஒரு வழி. அந்தப் பின்கதவை முதலில் கண்டது ஆஸ்திரேலியாவின் வல்லபி என்ற சின்னக் கங்காரு இனத்தின் பைக்குட்டிகளில். 2004 அளவில் மனிதருக்கும் அது பொருந்தும் என்ற வாதம் எழுந்தது. இந்நோயுள்ள சிசுக்களின் சிறுநீர் அதற்குச் சாதகமாகச் சாட்சி சொல்கிறது. இரண்டில் எது எவ்வளவு என்ற பங்கு பிரிப்பு முடியவில்லை. உங்களுக்கு அதைவிட முக்கியமானது இது: பிறந்த பிறகு அந்த மாற்றம் மேலும் கூடுவது இந்நோயின் இயல்பு இல்லை. ஆகவே சத்திரசிகிச்சை பற்றி யாராவது அவசரப்படுத்தினால், ஏன் அவசரம் என்று தயங்காமல் கேட்கலாம். பருவ வயதில் அவளுக்கு ஈஸ்திரஜன் வெளியில் இருந்து தேவைப்படலாம், சூலகத்தில் நீர்க்கட்டிகள் வரலாம். அதற்கு இன்னும் காலம் கிடக்கிறது.

முழங்கைக்கு வருவோம், ஃபுளுகொனசோலும் அதோடு வரும். எலும்புகள் ஒட்டிக்கொள்கிற இந்தத் தோற்றத்தை 1975இல் அன்ட்லி, பிக்ஸ்லர் என்ற இருவர் எழுதினார்கள், அந்தப் பெயரும் உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கக்கூடும். அதே தோற்றம், ஓமோனில் எந்தக் குழப்பமும் இல்லாமல், எஃப்ஜிஎஃப்ஆர்2 என்ற வேறொரு பரம்பரையலகாலும் வரும். பி.ஓ.ஆர். பழுதில் எலும்பு ஏன் கெடுகிறது என்பதற்கு இரண்டு பேரைச் சந்தேகிக்கிறோம். ஒருவர், கொலஸ்திரோலைக் கட்டும் வழியில் லானொஸ்திரோலைச் செதுக்குகிற பி450. மற்றவர், விற்றமின் ஏயில் இருந்து வரும் அமிலத்தை உடைக்கிற பி450. இரண்டுக்கும் பி.ஓ.ஆர்.தான் இலத்திரன் கொடுக்க வேண்டும். முதலாமவருடைய பங்குக்கு ஒரு பலமான சாட்சி ஃபுளுகொனசோலே. பங்கசு தன் சுவரை அடுத்த மென்சவ்வைக் கட்டுவதற்கு அதே படியைத்தான் பயன்படுத்துகிறது, அதை அடைப்பதுதான் இந்த மருந்தின் வேலை. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதமும் நாளாந்தம் 400 முதல் 800 மில்லிகிராம் வரை எடுத்த சில தாய்மாரின் பிள்ளைகள் இதைப்போன்ற எலும்புக் கோளாறோடு பிறந்தார்கள். அந்த அளவையும் கால நீளத்தையும் பாருங்கள். மூளைக் காய்ச்சல் போன்ற கடும் தொற்றுகளுக்குக் கொடுக்கிற அளவு அது. உங்கள் மனைவி விழுங்கியது பார்மசியில் ஒற்றையாகத் தருகிற 150 மில்லிகிராம் குளிசை. ஒரே ஒரு குளிசை இந்தத் தோற்றத்தைக் கொண்டுவந்ததாக எனக்குத் தெரிந்தவரை பதிவு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையின் இரண்டு பிரதியிலும் பழுது எழுதியிருக்கிறது. கருத்தரித்த அன்றே அது எழுதியாகிவிட்டது. அதற்குப் பிறகு விழுங்கிய குளிசை அந்த எழுத்தை எழுதவில்லை.

மாமா மகள் விஷயத்தில் மழுப்பாமல் சொல்கிறேன். நீங்கள் இருவரும் பழுதான பிரதி ஒன்றும் நல்ல பிரதி ஒன்றும் வைத்திருப்பவர்கள், அதனால் இருவருக்கும் எந்த நோயும் இல்லை. ரிப்போர்ட்டில் இரண்டு பிரதியிலும் ஒரே மாற்றம் என்று இருந்தால், அது உங்கள் இருவருக்கும் பொதுவான ஒரு பாட்டனிடமோ பாட்டியிடமோ இருந்து இரண்டு பக்கத்தாலும் இறங்கி வந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இரண்டும் வேறு வேறு மாற்றம் என்றால் உறவுக்கும் இதற்கும் தொடர்பு மிகக் குறைவு. உறவே இல்லாத பெற்றோருக்கும் இந்நோயோடு பிள்ளைகள் பிறக்கிறார்கள். எங்கள் ஆட்கள் பத்துப் பொருத்தமும் பார்த்துத்தான் மச்சாளைக் கட்டிவைக்கிறார்கள், இந்தப் பதினோராவதைப் பார்க்க அவர்களிடம் கருவி இருக்கவில்லை. அடுத்த பிள்ளைக்கு வாய்ப்பு நாலில் ஒன்று, ஒவ்வொரு முறையும். முதலாவது இப்படி வந்ததால் அடுத்த மூன்றும் தப்பும் என்று கணக்குப் பார்க்க வேண்டாம். மாற்றம் எது என்று தெரிந்திருப்பதால் அடுத்த கர்ப்பத்தில் முன்கூட்டியே பார்க்க முடியும். தாயின் இரத்தத்தில் ஈஸ்திரியோல் என்ற ஈஸ்திரஜன் வகையின் அளவு குறைவதும் ஒரு அடையாளம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் நான் முதலில் எழுதியிருக்க வேண்டியது. இப்பிள்ளைகளில் பலருக்குச் சாதாரண நாளில் கோட்டிசோல் போதுமானதாகவே இருக்கும். உப்பு இழந்து வாடிப்போவதும் வழமையான பிறவி அதிரினல் நோயைப்போல அடிக்கடி வராது. அதனால் வீட்டில் எல்லோரும் 'பிள்ளை நல்லாத்தானே இருக்கு, ஏன் ஸ்டீரொயிட் கொடுக்கிறீங்கள்' என்பார்கள். கடும் காய்ச்சல், வாந்தி, சத்திரசிகிச்சை என்று வரும்போதுதான் சுரப்பியால் எட்டிப் பிடிக்க முடியாமல் போகும். அதிரினலைத் தூண்டிப் பார்க்கிற சினக்தென் ஊசி போட்டு முப்பது, அறுபது நிமிடத்தில் இரத்தம் எடுக்கிற பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள், காலையில் எடுத்த ஒற்றைக் கோட்டிசோல் இதற்குப் பதில் சொல்லாது. ஹைட்ரோகோட்டிசோன் என்பது ஜிம்மில் போடுகிற ஸ்டீரொயிட் இல்லை, உடல் தானே செய்திருக்க வேண்டிய அதே பொருள். காய்ச்சலில் எத்தனை மடங்கு கொடுப்பது, வாந்தியெடுத்தால் ஊசி எவ்வளவு என்பதை நிபுணரிடம் எழுத்தில் வாங்குங்கள். பி.ஓ.ஆர். ஈரலின் பி450களுக்கும் இலத்திரன் கொடுப்பதால் சில மருந்துகள் அவளில் மெதுவாக உடையலாம்; மயக்க மருந்து கொடுக்கிற வைத்தியருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். இவ்வளவையும் ஒரே கடதாசியில், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், கையொப்பம், முத்திரையோடு எழுதி வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பிள்ளையின் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். ஒரு பிரதி பிள்ளையைப் பார்க்கிற அம்மம்மாவிடம். இரவு இரண்டு மணிக்கு அவசரப் பிரிவில் நிற்கிற இளம் டொக்டர் இந்த நோயின் பெயரைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார், தமிழும் வாசிக்கமாட்டார். ஊசியின் பெயரும் அளவும் எழுதியிருந்தால் போட்டுவிடுவார்.